ருசி பார்க்கும் வசதி

எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு நேர்முகத் தேர்வில் நானும் குழுவில் இருந்தேன். வந்திருந்த பையன் தென்மாவட்டத்துக்காரன். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலை சம்பந்தமாகக் கேட்டதற்கெல்லாம் திணறாமல் பதில் சொன்னான். கடைசியில் வழக்கமான அந்தப் பேச்சு வந்தது. என்ன பாட்டுக் கேட்பீர்கள்? "இளையராஜா சார்." அப்புறம்? "அவ்வளவுதான் சார்." வெளியே போனால் என்ன சாப்பிடுவீர்கள்? "பிரியாணி சார்." வேறு? கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரோட்டா" என்றான். ஊர் சுற்றியதைக் கேட்டபோது குற்றாலம் சொன்னான், கல்லூரியில் கூட்டிப்போன மூணாறு சொன்னான். அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் குழுவில் இருந்த நண்பர் பேப்பரை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "நல்ல பையன். வேலை தெரியுது. ஆனா எக்ஸ்போஷர் கம்மி." இன்னொருவரும் தலையாட்டினார். வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் வாதாடினேன். அவனை எடுத்துக்கொண்டார்கள், விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அந்த வார்த்தை மட்டும் எனக்குள் முடியவே இல்லை.

சொன்னவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவரைப் போல விரிந்த ரசனை உள்ளவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மார்கழி வந்தால் லீவு போட்டுவிட்டு சபா சபாவாகப் போவார். அதே காதால் வடசென்னை கானாவையும் உட்கார்ந்து கேட்பார். காலையில் வீட்டு டிகாஷன் காப்பி, மதியம் ஏதாவது ஒரு மெஸ்ஸில் சுக்கா, ராத்திரி கொரியா சாப்பாடு. வெயில் நேரத்தில் தள்ளுவண்டியில் கம்மங்கூழ் வாங்கி, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே குடிப்பார். எதையும் ஒப்புக்குச் செய்வதில்லை. அவரோடு சாப்பிடப் போனால் எனக்கும் நாக்கு விழித்துக்கொள்ளும். அதனால்தான் யோசித்தேன். இந்த விரிவு ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? அந்தப் பையனுக்கு ஏன் வரவில்லை? இது குணத்தில் உள்ள வித்தியாசமா, வளர்ந்த வீட்டில் உள்ள வித்தியாசமா?

வலது பக்கம் பார்ப்பவர்கள்

என் அப்பா விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். பண்டிகைக்குத் துணி எடுக்கக் கோவில்பட்டி போகும்போது மட்டும்தான் கிளப்புக் கடையில் சாப்பாடு. பெஞ்சில் உட்காருவதற்கு முன்னாலேயே ஆர்டர் சொல்லிவிடுவார். அவருக்கு ரெண்டு இட்லி, ஒரு வடை. எங்களுக்குப் பூரி. எந்த வருஷமும் இது மாறியதில்லை. நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். மெனு கார்டைக் கையில் வாங்கியவர் இடது பக்கத்தைப் படிக்கவே இல்லை. விலை அச்சடித்த வலது பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். விரல் நின்ற இடத்தில் இருந்தது இட்லி. "வேற ஏதாவது வாங்கிப் பாருங்கப்பா" என்றேன். "வாயில வைக்க முடியலேன்னா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் ஒரு வீட்டுப் பொருளாதாரமே இருந்தது.

புதிதாக ஒன்றை வாங்கிப் பார்ப்பதில் எப்போதும் ஒரு நஷ்டம் ஒளிந்திருக்கிறது. பிடிக்காமல் போகலாம். பிடிக்காவிட்டால் கொட்டிவிட்டு வேறொன்று வாங்க முடிகிற வீட்டில்தான் பிள்ளைகள் பத்து விதம் பார்க்கிறார்கள். நண்பர் தன் சின்ன வயதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வீணை வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றார். அப்புறம் மிருதங்கம், அதுவும் நின்றது. கிதார் வாங்கிக் கொடுத்தார்கள், பரண்மேல் கிடந்தது. கடைசியில் கேட்கும் காது மட்டும் மிஞ்சியது. அந்தக் காதுதான் இன்று அவரைச் சபாவிலும் உட்கார வைக்கிறது, கானா மேடை முன்னாலும் நிற்க வைக்கிறது. பாதியில் விட்ட வகுப்புகளுக்கெல்லாம் யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வாங்கிய ஒவ்வொரு பொருளும் உழைத்தே ஆகவேண்டும். ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் அக்காவிடமிருந்து எனக்கு வந்து, என்னிடமிருந்து தம்பிக்குப் போனது. அப்படி வளர்ந்தவர்கள் தெரிந்ததையே திரும்ப வாங்குவார்கள். பிரியாணி ஏமாற்றாது. இளையராஜா ஏமாற்ற மாட்டார்.

2022-23ஆம் ஆண்டு நடந்த அகில இந்திய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், கிராமத்தில் ஓர் ஆளின் மாதச் செலவு சராசரியாக 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய். கிராமத்துச் செலவில் ஏறக்குறைய 46 சதவீதம் சாப்பாட்டுக்கே போகிறது. நாள் கணக்கில் வகுத்தால் ஒரு ஆளுக்கு அறுபது ரூபாய்க்கும் கொஞ்சம் கீழே. இது சராசரி, இதற்குக் கீழேயும் ஏராளமான குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு கஃபேயில் பிடிக்காமல் பாதியோடு ஒதுக்கி வைக்கும் பாஸ்தாவின் விலையில் அந்தச் சாப்பாட்டுச் செலவு எத்தனை நாளைக்கு வரும் என்று போட்டுப் பார்த்தால், எக்ஸ்போஷர் என்கிற சாமான் எங்கே விற்கிறது என்று புரியும்.

தபால் ஊழியரின் மகன்

இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. பிரான்சின் தென்மேற்கு மூலையில், பியார்ன் பகுதியில் ஒரு சின்னக் கிராமத்தில் 1930-ல் பிறந்த சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதைத்தான் வாழ்நாள் முழுக்கத் தோண்டினார். அப்பா தபால் ஊழியர். பையன் பாரிஸுக்குப் போய் நாட்டின் மிக உயர்ந்த கல்லூரியில் படித்தான். அங்கே போனபோது அவருக்கு உறுத்தியது என்னவாக இருந்திருக்கும் என்று எங்களைப் போன்றவர்களால் எளிதில் ஊகிக்க முடியும். 1960-களில் பிரெஞ்சுக்காரர்கள் 1,217 பேரிடம் என்ன இசை பிடிக்கும், விருந்தாளிக்கு என்ன சமைப்பீர்கள், எந்தக் காட்சி நல்ல புகைப்படமாக வரும் என்றெல்லாம் கேட்டு வாங்கிய பதில்களை வைத்து 1979-ல் ரசனையைப் பற்றிய தன் பெரிய புத்தகத்தை வெளியிட்டார். சொந்த விருப்பம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தது, அப்பாவின் தொழிலையும் படித்த படிப்பையும் ஒட்டியே வரிசை கட்டி நின்றது. தொழிலாளி வீட்டு ஆண்கள் மீனை ஏன் அவ்வளவாக விரும்புவதில்லை என்று அதில் ஓர் இடத்தில் எழுதுகிறார். மீனை அடக்கமாக, நுனிநாக்கால், முள் பார்த்துச் சாப்பிட வேண்டும். வாய் நிறைய அள்ளிச் சாப்பிடுவதே ஆம்பளைத்தனம் என்று பழகிய உடம்புக்கு அது ஒத்துவராது. நம் கடற்கரை ஊர்களில் இது அப்படியே பொருந்தாது. ஆனால் ரசனை உடம்பில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்பது எங்கும் பொருந்தும்.

அவர் பார்த்த காலத்தில் மேல்தட்டு என்றால் செவ்வியல் இசை, கீழ்த்தட்டு என்றால் ஜனரஞ்சகம் என்று கோடு ஓரளவு தெளிவாக இருந்தது. என் நண்பரை அந்தக் கோட்டுக்குள் வைக்க முடியாது. அதற்கு விளக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ரிச்சர்ட் பீட்டர்சன், ரோஜர் கெர்ன் என்கிற இரண்டு சமூகவியலாளர்கள் அங்கே 1982-லும் 1992-லும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளை ஒப்பிட்டார்கள். ஆப்பராவும் செவ்வியல் இசையும் கேட்பவர்கள் அந்தப் பத்து வருஷத்தில் நாட்டுப்புற இசை, ப்ளூஸ், ராக் என்று எல்லாவற்றுக்குள்ளும் இறங்கியிருந்தார்கள். மேலே இருப்பதன் அடையாளம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதிலிருந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பதற்கு மாறியிருந்தது. இன்று சென்னையில் நடப்பதும் இதுதான். முன்பு ஒரு பையனை 'சங்கீதம் தெரியாதவன்' என்று ஒதுக்கியிருப்பார்கள். இப்போது 'ஒண்ணுதான் தெரியும்' என்று ஒதுக்குகிறார்கள்.

பண்ணைக்கீரை

இது வரைக்கும் என் எண்ணம், வசதி இல்லாததால் எங்களுக்கு விரிவு இல்லை என்பதாகவே இருந்தது. அதை அம்மா கலைத்தார்.

அம்மா சென்னை வந்திருந்த சமயம், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் கீரை அறியும் நடை என்று அறிவித்திருந்தார்கள். பயிரிடாமல் தானே முளைக்கிற, சாப்பிடக்கூடிய செடிகளைக் காட்டித் தருவார்கள். ஆளுக்கு அறுநூறு ரூபாய். அம்மாவுக்குக் காடு கரை பார்த்தால் சந்தோஷமாக இருக்குமே என்று கூட்டிப்போனேன். வந்திருந்தவர்கள் எல்லாம் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஆர்வமான ஆட்கள். நடத்திய பெண்ணும் விஷயம் தெரிந்தவர். வரப்பு ஓரத்தில் குனிந்து, நுனியில் இளஞ்சிவப்பாகப் பூ விட்டிருந்த ஒரு செடியைப் பிடுங்கித் தூக்கிக் காட்டி, "இது யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவுக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் களையெடுப்புக்குப் போனவர். ஐப்பசி மழைக்குப் பிறகு கம்பங்காட்டில் குத்தவைத்து நகர்ந்துகொண்டே, பிடுங்கியதில் தின்கிறதை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வருவார். தொய்யக்கீரை, சாரணத்தி, குமுட்டி, பண்ணைக்கீரை எல்லாம் ஒன்றாகச் சட்டியில் விழும். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கண் மட்டும் தூரத்துப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

யாரும் சொல்லாததால் அந்தப் பெண்ணே "பண்ணைக்கீரை" என்று சொன்னார். எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் அடுத்த செடிக்கு நகர்ந்ததும் அம்மா பின்தங்கி நின்று, அதே செடியின் தண்டை விரலால் ஒடித்துப் பார்த்து, நார் உரிவதை என்னிடம் காட்டினார். "இது முத்திப்போச்சு. பூ வர முன்னாடி ஒடிக்கணும். இப்ப அவிச்சா வாயில நார்தான் மிச்சம்." அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அது தொய்யக்கீரையோடு சேர்ந்தால் எப்படி இருக்கும், எவ்வளவு புளி விட வேண்டும், எது தனியாகக் கசக்கும் என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். அன்று காட்டப்பட்ட எல்லாமே அவருக்குத் தெரிந்திருந்தது. காட்டாமல் விட்டவற்றையும் வழியில் காலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

தாம்பரம் வரும் பஸ்ஸில் கேட்டேன், ஏம்மா சொல்லவில்லை என்று. "எல்லாரும் இருக்கயில என்னன்னு சொல்ல? வீட்டுல தவசம் இல்லாத அன்னைக்குக் களைய அவிச்சுத் தின்னோம்னா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவுகளுக்குத் தெரிஞ்சா அது படிப்பு தாயி. எனக்குத் தெரிஞ்சா அது பஞ்சம்" என்றார்.

எனக்கு அந்தப் பஸ்ஸில் எல்லாமே இடம் மாறிப்போனது. எங்கள் வீட்டில் விரிவு இல்லை என்றா நினைத்துக்கொண்டிருந்தேன்? கம்பஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு, வரகுச்சோறு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வெஞ்சனம். கருவாட்டிலேயே எத்தனை தினுசு, எது குழம்புக்கு, எது சுட்டுத் தின்ன என்று. நாற்றுநடவுக்கு ஒரு பாட்டு, இழவு வீட்டுக்கு ஒரு பாட்டு. நண்பரின் பட்டியலைவிட அம்மாவின் பட்டியல் நீளம். ஆனால் அதை ஒரு சபையில் எடுத்து வைக்க வேண்டுமென்றால் அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அறுநூறு ரூபாய் கட்டி வந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனும் "பிரியாணி" என்று நிறுத்திக்கொண்டதற்கு முன்னால் வீட்டுச் சாப்பாட்டில் எத்தனையை மனசுக்குள் தள்ளிவிட்டிருப்பானோ. அவன் யோசித்த அந்தச் சில நொடிகளை நான் இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன்.

நெல்லுச்சோறு

அம்மாவுக்கு இன்று பிடித்தது வெள்ளைச் சோறு. மூன்று வேளையும் கொடுத்தாலும் சந்தோஷம்தான். உடம்புக்கு ஆகாது, சிறுதானியம் சாப்பிடுங்கள் என்று சொல்லாத டாக்டர் இல்லை. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நானும் பளபள பாக்கெட்டில் குதிரைவாலி வாங்கிப் போனேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டுவிட்டு, குருவிக்குப் போட எடுத்து வைத்துவிட்டார்.

அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் கரிசல் காட்டில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று அண்ணா கேட்ட வாக்கு ஏன் அத்தனை வீடுகளைத் தொட்டது என்பது அந்தப் பசியை அறிந்தவர்களுக்குத் தெரியும். 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து விலையில்லா அரிசி. அரிசி வந்ததும் கம்பு போய்விட்டதே என்று இப்போது பலர் வருத்தப்படுகிறார்கள். மண்ணுக்கும் உடம்புக்கும் அது நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு அது தானாகத் தேர்ந்தெடுக்க முடிந்த முதல் சாப்பாடு. அந்தத் தேர்வில் அவர் எவ்வளவு நுணுக்கமானவர் என்பதை யாராவது அரிசிக்கடையில் நின்று பார்க்க வேண்டும். ரேஷன் அரிசியை இட்லிக்கு ஒதுக்கிவிடுவார். சோற்றுக்குப் பொன்னி. உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளிக் கட்டைவிரலால் தேய்த்து, மாவு ஒட்டுகிறதா என்று பார்ப்பார். ஒரு மணியைப் பல்லில் வைத்து உடைப்பார். பழைய அரிசி என்று கடைக்காரர் சொன்னதைப் பல்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒயினை முகர்ந்து பார்ப்பவரிடம் நாம் காட்டும் மரியாதை இதற்கும் உண்டு என்று நான் நம்புகிறேன்.

எது உள்ளே வரும், எது வராது

நண்பரிடம் இதையெல்லாம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "அப்போ நான் கூழ் குடிக்கறதும் கானா கேக்கறதும் தப்பா? நான் எதையும் கேவலமா நினைக்கறதில்லையே?" தப்பே இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில், கானாவை ராப்போடும் ராக்கோடும் கலந்து பாடும் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாக மேடை ஏறியபோது அதைக் கேட்க ஊர் முழுவதிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அது நல்லது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கியதைக் காது கொடுத்துக் கேட்க வைத்தது அந்தக் கலைஞர்களின் வெற்றி.

ஆனால் நான் அவரிடம் கேட்டது வேறு. ஏழைகள் நேற்று சாப்பிட்டது இன்று உங்கள் தட்டில் இருக்கிறது. ஏழைகள் இன்று சாப்பிடுவது இருக்கிறதா? டாஸ்மாக் பக்கத்து வண்டியில் சிவப்புச் சாயம் போட்டுக் கொத்தும் சிக்கன் ரைஸ், பத்து ரூபாய் பாக்கெட் நொறுக்குத்தீனி, ராத்திரி மெகா சீரியல், ஷேர் ஆட்டோவில் அதிரும் குத்துப்பாட்டு, ஊர்த்திருவிழா ஆடலும் பாடலும். இதெல்லாம் எந்த விரிந்த ரசனையின் பட்டியலிலும் வருவதில்லை. 'கிரிஞ்ச்' என்று தள்ளிவிடுகிறோம். பெதனி பிரைசன் என்கிற ஆய்வாளர் 1996-ல் அமெரிக்கர்களிடம் இதையே பார்த்தார். எல்லாவற்றையும் கேட்பேன் என்கிற படித்தவர்கள் வேண்டாம் என்று சொன்ன இசை வகைகளை எடுத்துப் பார்த்தால், குறைந்த படிப்பு உள்ளவர்கள் விரும்பிக் கேட்கும் இசை வகைகளாகவே அவை இருந்தன. நம் ஊரில் கம்பும் பறையும் உள்ளே வந்திருப்பதற்குக் காரணம், அவற்றின் மேல் இருந்த பஞ்சமும் சாதியும் தூரத்தில் இருந்து பார்க்கிற அளவுக்கு நம்மில் சிலருக்கு விலகிப் போய்விட்டதுதான். எல்லோருக்கும் விலகவில்லை. கருவாட்டுத் தொக்கு உணவுத் திருவிழாவில் முதலில் தீர்ந்துபோகிறது. அதே கருவாட்டை வாடகை வீட்டில் வறுத்தால் மறுநாள் வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். எனக்கே நடந்தது. நாங்கள் என்ன ஆட்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வாசனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நண்பர் இன்னொன்றும் சொன்னார்: பணக்கார வீட்டிலும் ஆர்வமே இல்லாத ஆட்கள் இருக்கிறார்கள், ஒன்றுமில்லாத வீட்டிலிருந்தும் அபார ரசிகர்கள் வருகிறார்களே என்று. அது உண்மை. என் தாத்தாவே அப்படி ஒருவர். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் நாதஸ்வரத்தில் யார் வாசிப்பது என்று தெருமுனையிலிருந்தே சொல்வாராம். காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் வாழ்ந்தவர், 1964-ல் மறைந்தார். கோயில் கொடை, கல்யாணம் என்று அவர் வாசித்த இடங்களுக்குக் கரிசல்காட்டு சம்சாரிகள் வண்டி கட்டிக்கொண்டு போய் விடிய விடிய ராக ஆலாபனை கேட்டிருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது. பிடிக்காவிட்டால் எழுந்து போய் ராட்டினம் பார்க்கலாம், திரும்பி வந்தும் உட்காரலாம். எனக்கு அப்படி வாய்த்தது பஞ்சாயத்து டிவி. தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் விருது வாங்கிய பிறமொழிப் படம் போடுவார்கள். பாதிப் பேர் தூங்குவார்கள், பாதிப் பேர் திட்டுவார்கள். நான் ஒன்றும் புரியாமல் வங்காளப் படமும் மலையாளப் படமும் பார்த்து, சிலது மனசில் ஒட்டிக்கொண்டது. எக்ஸ்போஷர் என்று நண்பர் சொன்னது எனக்கு வந்த வழி இதுதான். தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தில் வந்தது.

அப்புறம் கிளை நூலகம். மலிவுப் பதிப்பு ருஷ்ய நாவல் ஒன்றை அங்கேதான் முதலில் எடுத்தேன். பெயர்களே நாக்கில் நிற்கவில்லை, முப்பது பக்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்து வந்தேன். காசு கொடுத்து வாங்கியிருந்தால் அப்பாவின் முகத்துக்காகவாவது முழுசாகப் படித்திருப்பேன், அதன் பிறகு ருஷ்ய நாவல் பக்கமே போயிருக்க மாட்டேன். சுதந்திர இந்தியாவில் முதலில், 1948-ல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. இன்றும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகக் கட்டுகிறோம். கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் பெரிய நூலகங்கள் எழுந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அந்தப் பையனின் தம்பிக்கோ தங்கைக்கோ அவை தூரம். அவர்கள் ஊர்க் கிளை நூலகம் பள்ளி விட்டு வரும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும், புதுப் புத்தகம் இருக்க வேண்டும், உள்ளே ஒரு மின்விசிறி ஓட வேண்டும். நேற்று எடுத்ததை இன்றே பிடிக்கவில்லை என்று கொண்டுவந்து வைக்கிற பிள்ளையிடம் யாரும் காரணம் கேட்காமல் அடுத்ததை எடுத்துக் கொடுக்க வேண்டும்.